ஈரும் பேனும் 9ஆம் நாளும்

பள்ளிப் பிள்ளைகளின் தலைப்பேன்: அறிவியல் சொல்வது என்ன, வீடும் பள்ளியும் செய்ய வேண்டியது என்ன?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் தொல்லைகளில் தலைப்பேன் அளவுக்குப் பரவலாக இருந்தும் அந்த அளவுக்கு மறைத்து வைக்கப்படுவது வேறொன்றில்லை. காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் ஆசிரியரிடம் கூசாமல் தெரிவிக்கும் பெற்றோர், மகளின் தலையில் பேன் ஊர்வதைக் கண்டால் அதை வெளியே சொல்வதில்லை. சொல்லாததால் அடுத்த இருக்கைச் சிறுமியின் வீட்டில் எவரும் அவள் தலையைப் பார்ப்பதில்லை. அங்கே பார்க்காததால், மருந்திட்டு வாரிச் சுத்தம் செய்த தலைக்கு இரண்டொரு வாரத்தில் பேன் மறுபடியும் வந்து சேர்கிறது. இந்தச் சுழற்சி ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதும் அன்று. குழாய் நீருக்கும் ஷாம்புக்கும் குறைவில்லாத அமெரிக்காவிலேயே 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 120 லட்சம் வரை பேன் தொற்றுகள் நேர்வதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டுள்ளது.

பேன் ஒழியாமல் நீடிப்பதற்கு அதன் வலிமையைக் காட்டிலும் அதைப் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களே பெரிய காரணங்கள். பேன் அழுக்கிலிருந்து பிறக்கிறது என்பது முதலாவது. அதனால் வெட்கமும் மறைப்பும் விளைகின்றன. நல்ல மருந்தாக இருந்தால் ஒரே முறையில் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது இரண்டாவது. அதனால் மருத்துவம் பாதியில் நின்றுவிடுகிறது. பேனின் வாழ்க்கைச் சுழற்சியை நாள்கணக்கோடு அறிந்துகொண்டால் இரண்டு எண்ணங்களும் தாமே விலகும்.

மனிதத் தலையன்றி வேறிடம் இல்லை

தலைப்பேன், உயிரியலார் பெடிகுலஸ் ஹியூமனஸ் கேபிடிஸ் என வகைப்படுத்தும், சிறகில்லாத ஆறுகால் பூச்சி. அது ஒரு புற ஒட்டுண்ணி. அதாவது, இன்னோர் உயிரின் உடலுக்குள் புகாமல் அதன் மேற்புறத்தில் தங்கி, அதிலிருந்தே உணவு பெற்று வாழும் உயிர். மனிதரின் இரத்தத்தைத் தவிர அதற்கு வேறு உணவு இல்லை என்பதால், வீட்டு நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ பிள்ளைகளுக்குப் பேன் வருவதும் இல்லை, பிள்ளைகளிடமிருந்து அவற்றுக்குப் போவதும் இல்லை. முழு வளர்ச்சியடைந்த பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய ஓர் எள்ளின் அளவு இருக்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் உள்ள வளைந்த கொக்கி மனித மயிரிழையைப் பற்றுவதற்கென்றே அமைந்திருப்பதால், மயிரின் மீது அது விரைந்து ஊர்கிறது. வழவழப்பான பரப்பிலோ தரையிலோ தடுமாறுகிறது. அதனால் பறக்க முடியாது; தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளவும் முடியாது.

நாளுக்குப் பல முறை இரத்தம் குடிக்கும் இப்பூச்சி, தலையில் ஏறக்குறைய 30 நாள் வாழ்கிறது; தலையிலிருந்து பிரிந்துவிட்டால், உணவும் உச்சந்தோலின் வெதுவெதுப்பும் இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் மடிந்துபோகிறது. அதற்குத் தேவை இரத்தமும் வெப்பமும்தான். தலை அழுக்காக இருக்கிறதா, காலையில்தான் கழுவப்பட்டதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. நாள்தோறும் குளிக்கும் பிள்ளைக்கும் பேன் வருவதன் காரணம் இதுவே. தண்ணீரில் நனையும்போது மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு மயிரை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்கு இருப்பதால், வெறும் தலைக்குளியலால் அது அடித்துச் செல்லப்படுவதும் இல்லை.

தந்தச் சீப்பு சொல்லும் வரலாறு

பேன் வறுமையின் அடையாளம் என்ற எண்ணத்தை மறுக்கும் சான்று ஒன்று தொல்லியலில் உண்டு. இஸ்ரேலில் உள்ள லாக்கிஷ் என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகளிலிருந்து 2016இல் தோண்டியெடுக்கப்பட்ட, 4 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு தந்தச் சீப்பின் மீது கானானிய எழுத்தில் ஒரு வாசகம் கீறப்பட்டிருந்தது 2022இல் அறிவிக்கப்பட்டது. கி.மு. 1700ஐ ஒட்டியதாக ஆய்வாளர்கள் கணிக்கும் அவ்வாசகம், தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் அகற்ற வேண்டும் என்ற வேண்டுதல். கானானிய அகரவரிசையில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுவே மிகப் பழையது. சீப்பின் ஒரு புறம் சிக்கெடுப்பதற்கான அகன்ற பற்களும், மறுபுறம் பேனும் ஈரும் வாருவதற்கான நெருக்கமான பற்களும் இருந்தன. பற்களின் இடுக்கில் பேனின் உடற்சிதைவும் காணப்பட்டது. அந்நாளில் யானை வாழாத அப்பகுதிக்குத் தந்தம் வெளியிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருள் என்பதால், அதை வைத்திருந்தவர் செல்வராகவே இருந்திருக்க வேண்டும். செல்வரின் தலையையும் பேன் விட்டுவைக்கவில்லை.

மனிதனோடு பேனுக்குள்ள உறவு இதனினும் மிகப் பழையது. பிரேசிலில் கிடைத்த ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழமையான மனித மயிரில் ஈர் ஒட்டியிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. பள்ளியிலிருந்து வந்த ஒரு பேன் எச்சரிக்கைத் தாளே இவ்வுறவைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்றுக்குத் தூண்டுகோலாக அமைந்தது. மனித உடலை விட்டுப் பிரிந்த பேன் ஒரு நாளுக்கு மேல் பிழைக்காது என்று அத்தாளில் இருந்த குறிப்பைக் கண்ட மரபியலாளர் மார்க் ஸ்டோன்கிங், மனிதர் உலகெங்கும் பரவிய வரலாற்றைப் பேனின் மரபணுக்களும் காட்டும் என்று கருதினார். தலைப்பேனின் நெருங்கிய உறவான உடற்பேன் ஆடையின் மடிப்புகளில் தங்குவது. ஆகவே இரண்டும் பிரிந்த காலம், மனிதர் ஆடை உடுத்தத் தொடங்கிய காலத்தை ஒட்டியிருக்க வேண்டும். இந்த அடிப்படையில் அவரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட கணிப்பு ஏறக்குறைய 72,000 ஆண்டுகள் என்றது. 2011இல் வெளிவந்த வேறொரு குழுவின் ஆய்வு அதை 1,70,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நகர்த்தியது.

உடற்பேனையும் தலைப்பேனையும் வேறுபடுத்தி அறிவது இன்றைய பெற்றோருக்கும் தேவை. டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சலை உடற்பேன் பரப்புவதை 1909இல் துனிஸ் நகரில் கண்டறிந்த சார்ல் நிகோல், அதற்காக 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். போர்க்களங்களிலும் சிறைகளிலும் அகதி முகாம்களிலும் மாற்றுடை இல்லாத மக்களை வாட்டியது அந்த உடற்பேனே. பள்ளிப் பிள்ளையின் கூந்தலில் இருக்கும் தலைப்பேன் தொற்றுநோய்களைப் பரப்பும் பூச்சியாகக் கருதப்படுவதில்லை. அது தொல்லை தருவது. ஆனால் பேரச்சம் கொள்ளத் தக்கது அன்று.

ஈரிலிருந்து பேன் வரை

ஈர் எனப்படுவது பேனின் முட்டை. பெண் பேன் நாளுக்கு 8 வரை முட்டையிட்டு, ஒவ்வொன்றையும் உச்சந்தோலுக்கு மிக அருகே, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள், ஒரு பசைப்பொருளால் மயிரிழையோடு ஒட்டிவிடுகிறது. உச்சந்தோலின் வெப்பமே முட்டைக்கு அடைகாப்பு ஆவதால் அந்த நெருக்கம் அதற்கு வேண்டியிருக்கிறது. வெப்ப நாடுகளில் சற்று விலகியும் உயிருள்ள ஈர் இருக்கலாம். முட்டை 7 முதல் 10 நாளுக்குள் பொரிந்து, அதிலிருந்து இளம்பேன் வெளிவருகிறது. அது மூன்று முறை தோலுரித்து, மேலும் 9 முதல் 12 நாளில் முதிர்ந்த பேனாகி, தானும் முட்டையிடத் தொடங்குகிறது. பொரிந்த முட்டையின் வெற்றுக் கூடு மயிரை விட்டு விழுவதில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும் மயிரோடு சேர்ந்து அது கீழிறங்கி, வெண்மையாகப் பளிச்சிடுகிறது. ஆகவே மயிரின் நடுவிலோ நுனியிலோ எடுப்பாகத் தெரியும் வெள்ளை ஈர் பெரும்பாலும் முடிந்துபோன தொற்றின் மிச்சமே; உயிருள்ள முட்டை பழுப்பு கலந்து, தோலை ஒட்டி, கண்ணுக்கு எளிதில் படாமல் இருக்கும்.

இந்த நாள்கணக்கில்தான் மருத்துவத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. மருந்துகளில் பல, ஊரும் பேனைக் கொன்றாலும் முட்டைக்குள் இருக்கும் கருவை முழுமையாகக் கொல்வதில்லை. முதல் நாள் மருந்திலிருந்து தப்பிய முட்டைகள் 10 நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்த இளம்பேன்கள் முட்டையிடும் பருவத்தை அடைய அதற்கு மேலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். முட்டைகள் ஏறக்குறைய எல்லாம் பொரிந்தும், புதிய முட்டை ஒன்றும் இடப்படாமலும் இருக்கும் அந்த இடைவெளியில் இரண்டாம் முறை மருந்திட்டால் சுழற்சி அறுந்துபோகும். மருத்துவர்கள் 9ஆம் நாளை வற்புறுத்துவதன் காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை மாலையில் முதல் முறை மருந்திட்டால், 9 நாள் கழித்து வருவது விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை என்பதைக் குடும்பங்கள் நினைவில் கொள்ளலாம். முதல் நாள் தந்த நிம்மதியில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடும் வீடுகளில்தான் மருந்து பயனற்றது என்ற பேச்சு எழுகிறது.

தலையும் தலையும் தொடும்போது

பேன் பரவும் முதன்மையான வழி, ஒரு தலை இன்னொரு தலையை நேரடியாகத் தொடுவது. ஒரே புத்தகத்தின் மீது குனியும் இரு சிறுமியர், ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் அக்காள் தங்கையர், ஒரு கைப்பேசித் திரையைச் சூழ்ந்து நிற்கும் தோழியர் ஆகியோரின் கூந்தல் கலக்கும் நொடிகளில் அது கடந்து செல்கிறது. சீப்பு, ரிப்பன், துண்டு, தொப்பி போன்ற பொருள்களின் பங்கு பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஸ்பியரும் அவருடைய குழுவினரும் 2,230 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பேன் இருந்த 466 தலைகளிலிருந்து 14,033 பேன்கள் கிடைத்தன. அதே பள்ளிகளின் 118 வகுப்பறைத் தரைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தொப்பிகளைச் சோதித்த வேறோர் ஆய்வின் முடிவும் இவ்வாறே அமைந்தது.

எனவே வீடு முழுவதும் பூச்சி மருந்து தெளிப்பதும், மெத்தையைத் தூக்கி எறிவதும், வகுப்பறையை மூடுவதும் வீண் வேலை. முந்தைய 2 நாள்களில் தலைபட்ட தலையணை உறை, போர்வை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துவதும், சீப்புகளை 54 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைப்பதும் போதும். அந்த நேரத்தையும் உழைப்பையும் வீட்டிலுள்ள மற்றவர்களின் தலையைப் பார்ப்பதில் செலவிடுவதே பலன் தரும். தாய், பாட்டி, உடன்பிறந்தோர் என ஒருவரை விட்டுவிட்டாலும் தொற்று அவரிடமிருந்து திரும்பி வரும்.

அரிப்பு தாமதமாக வரும் அறிகுறி

பேன் கடித்தவுடன் அரிப்பு தொடங்குவதில்லை. இரத்தம் குடிக்கும்போது பேன் தோலில் செலுத்தும் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பு. அதாவது, தீங்கற்ற ஓர் அயற்பொருளை எதிரியாகக் கருதி உடலின் காப்பு அமைப்பு வெளிப்படுத்தும் மிகையான எதிர்வினை. முதன்முறை பேன் வரும் பிள்ளைக்கு இந்த ஒவ்வாமை உருவாக 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். தாய் அரிப்பைக் கவனிக்கும் நாளில் தொற்றுக்கு ஒரு மாத வயது ஆகியிருக்கக்கூடும். அந்த ஒரு மாதமும் அப்பிள்ளை தோழியரோடு தலை சேர்த்து விளையாடித்தான் இருக்கும். கண்டவுடன் பிள்ளையை அன்றே வகுப்பிலிருந்து விரட்டுவதில் பொருளில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

அரிப்பால் உறக்கம் கெடுவதும், உறக்கம் கெடுவதால் வகுப்பில் கவனம் சிதறுவதும் உண்மையான பாதிப்புகள். நகத்தால் கீறிய இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ்ப்புண் உண்டாகலாம். அப்போது கழுத்தின் பின்புறத்திலும் காதுகளுக்குப் பின்னாலும் நெறி கட்டும். இந்நிலையில் பேன் மருந்துக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பேன் இரத்தத்தை உறிஞ்சிக் குழந்தையை வெளுக்கச் செய்துவிடும் என்ற அச்சத்துக்கு அளவு தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் கணக்குப்படி, 30 பேன்கள் உள்ள தலை ஒரு நாளில் இழக்கும் இரத்தம் 0.008 மில்லிலிட்டர் மட்டுமே. ஆயிரக்கணக்கில் பேன் பெருகி, பல மாதம் கவனிப்பாரற்று விடப்பட்ட, ஏற்கெனவே ஊட்டம் குறைந்த பிள்ளையிடம்தான் இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதாகிறது.

ஈரத்தில் வாருவதே சோதனை

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் பழக்கம் பேச்சில் மட்டுமின்றித் தலை பார்ப்பதிலும் உண்டு. ஹார்வர்டில் ரிச்சர்ட் பொல்லாக் குழுவினர், பேன் அல்லது ஈர் என்று பெற்றோரும் செவிலியரும் மற்றவரும் அனுப்பிய மாதிரிகளைச் சோதித்தபோது, பொடுகு, காய்ந்த தைலத் துணுக்கு, வேறு பூச்சிகள் எனப் பேனோடு தொடர்பில்லாதவை அவற்றில் ஏராளமாக இருந்தன. விரலால் தட்டினால் உதிர்வது பொடுகு; மயிரோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் நகர்வது ஈர். ஆனால் ஈர் இருப்பது மட்டும் நடப்புத் தொற்றுக்குச் சான்றாகாது. உயிரோடு ஊரும் பேன் ஒன்றைக் காண்பதே உறுதியான சான்று.

உயிர்ப்பேனைக் கண்டுபிடிக்க, உலர்ந்த மயிரை விரலால் விலக்கிப் பார்ப்பதைவிட, ஈர மயிரில் பேன் சீப்பால் வாருவது பன்மடங்கு நம்பகமானது. ஜெர்மனியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஈரத்தில் வாரும் முறை நடப்புத் தொற்றுகளில் 90.5 விழுக்காட்டைக் கண்டறிந்தது. கண்ணால் பார்க்கும் முறை 28.6 விழுக்காட்டை மட்டுமே கண்டறிந்தது. வெளிச்சத்தைக் கண்டால் விரைந்து ஒளியும் பேன், ஈரத்திலும் வழுவழுப்பிலும் அசைவு குன்றிச் சீப்பில் சிக்குவதே இவ்வேறுபாட்டின் காரணம்.

முறை எளியது. தலையைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, அகன்ற பல் சீப்பால் சிக்கெடுத்த பின், கூந்தலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பின் பற்கள் உச்சந்தோலைத் தொடும்படி வைத்து, அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். பற்களுக்கு இடையே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள உலோகச் சீப்பு இதற்கு ஏற்றது. காதுகளுக்குப் பின்புறமும் பிடரியும் பேனுக்கு விருப்பமான இடங்கள் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். நீண்ட கூந்தலுக்கு இப்பணி அரை மணி நேரம் பிடிக்கும்.

வாருதல் சோதனை மட்டுமன்று. பொறுமை உள்ள வீட்டில் அதுவே மருத்துவமும் ஆகும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, 1, 5, 9, 13ஆம் நாள்களில் இவ்வாறு வாரி, 17ஆம் நாளில் எல்லாம் நீங்கியதா எனச் சரிபார்க்கும்படி அறிவுறுத்துகிறது. நான்கு நாள் இடைவெளி என்பது, இடையில் பொரிந்த இளம்பேன் எதுவும் முட்டையிடும் வயதை எட்டாமல் பார்த்துக்கொள்ளும் கணக்கு. தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும், பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து பேன் பார்ப்பதும், ஈர்வலி என்னும் கருவியால் ஈர் உருவுவதும் வாராந்தரக் கண்காணிப்பாகவே இயங்கின. வேலைக்குச் செல்லும் தாயாருக்கும் தனிப்பயிற்சிக்கு ஓடும் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் இல்லாமற்போனதும் பேன் நீடிப்பதற்கு ஒரு காரணம்.

மருந்தும் அதன் எல்லையும்

மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது 1 விழுக்காடு பெர்மெத்ரின் கலந்த திரவம். செவ்வந்தி இனப் பூவொன்றிலிருந்து கிடைக்கும் பைரெத்ரம் என்னும் பூச்சிக்கொல்லியை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்ட பெர்மெத்ரின், பூச்சியின் நரம்புகளில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்து அதை முடக்குகிறது. 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். கண்டிஷனர் கலவாத ஷாம்பால் தலையைக் கழுவி, துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, மயிரும் தோலும் முழுக்க நனையும்படி மருந்தைத் தடவி, 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். மருந்துக்கு முன் கண்டிஷனரோ எண்ணெயோ இருந்தால் மருந்து மயிரில் படியாது. குறைவான அளவில் தடவினால் பேன் பிழைத்துவிடும். அலசிய பின் ஒன்றிரண்டு நாள் தலையைக் கழுவாமல் விட்டு, 9ஆம் நாள் மறுபடியும் மருந்திட வேண்டும். சொறி சிரங்குக்குத் தரப்படும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு வேறு. அதைத் தாமாகவே தலையில் பூசுவது கூடாது.

முறையாக இட்ட பின்னும் 8 முதல் 12 மணி நேரம் கழித்துப் பேன் முன்போலவே சுறுசுறுப்பாக ஊர்ந்தால், அது அம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் என்பது, மருந்து தாக்கும் நரம்பு வாயிலின் அமைப்பு மரபணு மாற்றத்தால் வேறுபட்டு, மருந்து அங்கே பற்றாமல் போவது. 1990களிலிருந்து பிரான்ஸ், இஸ்ரேல், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இது பதிவாகியுள்ளது. அந்நிலையில் அதே மருந்தை மேலும் மேலும் பூசுவதை விட்டு, மருத்துவரின் ஆலோசனையோடு வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெய் நரம்பைத் தாக்காமல், பேனின் மூச்சுத் துளைகளில் புகுந்து, அது உடலிலுள்ள நீரை வெளியேற்ற முடியாமல் செய்து கொல்கிறது. ஆகவே நரம்பு மருந்துகளை எதிர்த்துப் பழகிய பேனுக்கும் இதிலிருந்து தப்புவது கடினம். ஐவர்மெக்டின், யானைக்கால் நோய் ஒழிப்பிலும் பயன்படும் மருந்து. அதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காகச் சடோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அதன் 0.5 விழுக்காடு பூச்சுமருந்தை அமெரிக்கா 2012இல் ஏற்றது. மாத்திரை வடிவில் அதை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே, 15 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள பிள்ளைகளுக்குத் தரலாம். ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்த லிண்டேன் என்னும் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, நரம்பு மண்டலத்தைப் பாதித்து வலிப்பை உண்டாக்கக்கூடியது. சிதையாமல் சூழலில் தங்கும் நச்சாக அதை 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பட்டியலிட்டது. பழைய புட்டி வீட்டில் மிஞ்சியிருந்தாலும் பிள்ளையின் தலைக்கு அது ஆகாது.

கைவைத்தியத்தில் கொள்ளுவதும் தள்ளுவதும்

மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. அவ்விதையில் பூச்சிகளைக் கொல்லும் பொருள்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தூளோ கரைசலோ கண்ணில் பட்டுக் கருவிழியின் மேற்படலம் சிதைந்து, கடும் வலியோடும் பார்வை மங்கலோடும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசுவது சிறு குழந்தைகளுக்கு ஆபத்தானது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். மண்ணெண்ணெய் பூசிய தலையோடு பிள்ளை அடுப்பங்கரைக்குச் சென்றால் தீப்பிடிக்கும். அதன் ஆவியும் நுரையீரலுக்குக் கேடு. வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியைத் தலையில் தடவுவது உயிரோடு விளையாடுவது. உச்சந்தோல் வழியாகவே நஞ்சு உடலில் ஏறிவிடும். வேப்பெண்ணெய், துளசி, வசம்பு ஆகியவை பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்றாலும், சோதித்து உறுதிப்பட்ட மருந்துகளுக்கு ஈடாக அவற்றை நம்பி நாள்களைக் கடத்துவது தொற்றை வளர்க்கும். எண்ணெய் தடவி வாருவதில் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு வாருவதற்கே உரியது.

மொட்டையடித்தால் பேன் போய்விடும் என்பது உண்மையே. பற்றிக்கொள்ள மயிர் இல்லாத இடத்தில் பேன் தங்காது. ஆயினும் இரண்டு முறை மருந்திட்டும் நான்கு முறை வாரியும் தீர்க்கக்கூடிய ஒன்றுக்காக, பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் கூந்தலை அவள் விருப்பமின்றி மழிப்பது மருத்துவம் ஆகாது. தோழியர் நடுவே அவளுக்கு அளிக்கப்படும் தண்டனை ஆகும்.

பள்ளியின் பங்கு

ஈர் முற்றும் நீங்கும்வரை பிள்ளை பள்ளிக்கு வரக் கூடாது என்ற விதி பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அவ்விதியைக் கைவிடும்படி அறிவுறுத்தியுள்ளது. பேன் இருக்கும் காரணத்துக்காக நலமான எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து விலக்கத் தேவையில்லை என்பதும், அன்றைய வகுப்புகள் முடிந்து வீடு சென்ற பின் மருத்துவத்தைத் தொடங்கலாம் என்பதும் அதன் நிலைப்பாடு. இதற்கு ஆதாரமும் உண்டு. அட்லாண்டாவில் 1,729 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2001இல் வெளியான ஆய்வில், 28 பேரிடம் பேனும் 63 பேரிடம் ஈர் மட்டுமும் இருந்தன. ஈர் மட்டும் இருந்தவர்களில் 14 நாள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 50 பேரில் 9 பேரிடமே பின்னர்ப் பேன் காணப்பட்டது. ஈரைக் கண்டு பிள்ளைகளை வெளியேற்றியிருந்தால், ஐவரில் நால்வர் காரணமின்றிப் பாடத்தை இழந்திருப்பர்.

தமிழகத்தில் இந்த இழப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசுப் பள்ளிச் சிறுமியை வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியர், அவளைப் பாடத்திலிருந்து மட்டுமின்றி மதிய உணவிலிருந்தும், தொடக்க வகுப்பினளாயின் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட காலை உணவிலிருந்தும் விலக்குகிறார். வகுப்பின் முன் நிறுத்தித் தலையைச் சோதிப்பதும், தனியே உட்காரவைப்பதும், சக மாணவியர் பட்டப்பெயர் சூட்டக் காரணமாகிப் பிள்ளை தானாகவே பள்ளியைத் தவிர்க்க வழிசெய்கின்றன.

பள்ளி செய்யத்தக்கவை வேறு. பேன் தெரிந்தால் பெற்றோருக்குத் தனிப்பட்ட முறையில் சொல்வதும், யாருடைய பெயரும் குறிப்பிடாமல் அந்த வகுப்பின் எல்லாப் பெற்றோரையும் ஒரே வார இறுதியில் பிள்ளைகளின் தலையை ஈரத்தில் வாரிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வதும் முதற்பணி. ஒரே நேரத்தில் எல்லா வீடுகளிலும் பார்த்தால் திரும்பத் தொற்றும் சங்கிலி அறுபடும். பள்ளிகள் விதிக்கும் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டும் வழக்கம், விரித்த கூந்தலைவிடத் தொடுகையைக் குறைப்பதால் ஓரளவு பயன் தருகிறது. ஒரே அறையில் பலர் உறங்கும் ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளிலும் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளிலும் ஒரு மாணவிக்கு மட்டும் மருந்து தருவதால் பயனில்லை. ஒரே அறையினர் அனைவரையும் ஒரே நாளில் சோதித்து, பேன் உள்ளோர் அனைவருக்கும் ஒன்றாகவே மருந்திட்டு, 9ஆம் நாளில் மறுமுறையும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் தனிச் சீப்பும், அறைக்கு ஒரு நல்ல உலோகப் பேன் சீப்பும் வழங்குவது விடுதி நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வருகின்றன. அவை பார்க்க வேண்டிய நிலைமைகளில் தோல் நோய்களும் அடங்குவதால், தலையில் சீழ்ப்புண் வைத்த பிள்ளைகளை அக்குழுவின் பார்வைக்குக் கொண்டுவருவது தலைமையாசிரியரின் கடமை.

வீடும் பள்ளியும் சேர்ந்து நான்கைக் கடைப்பிடித்தால் இத்தொல்லை கட்டுக்குள் வரும்: உயிருள்ள பேனைக் கண்ட பின்னரே மருந்திடுவது, 9ஆம் நாளில் தவறாமல் மறுமுறை இடுவது, வீட்டிலும் விடுதி அறையிலும் உள்ள எல்லாத் தலைகளையும் ஒரே நாளில் பார்ப்பது, நெருங்கிப் பழகும் தோழியரின் பெற்றோருக்கு மறைக்காமல் தெரிவிப்பது. முதல் மூன்றுக்கும் வேண்டிய சீப்பையும் மருந்தையும் கடையில் வாங்கிவிடலாம். நான்காவதற்குப் பெற்றோர் வெட்கத்தை விட்டு ஒருவரோடொருவர் பேச வேண்டும். பிள்ளையின் தலையில் பேன் இருப்பது எந்தத் தாயின் வளர்ப்புக்கும் இழுக்கு அன்று. அதை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம்.